ஆடும் கண்ணும் ஆட்டும் கண்ணும்

இரண்டு கருவிழியையும் மூக்கு நுனியைப் பார்க்கிற மாதிரி லேசாக உள்ளே இழுக்க வேண்டும். ரொம்ப வேண்டாம், ஒரு நூல் போதும். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குப் பின்னால் ஏதோ ஒன்றை இறுக்க வேண்டும். அந்த ஏதோ ஒன்று எது என்று முப்பது வருடத்துக்கு மேலாக யோசிக்கிறேன், இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. இறுக்கியதும் எதிரே இருக்கிற சுவர், காலண்டர், ஆள் எல்லாம் அதிர ஆரம்பிக்கும். டவுன் பஸ் எஞ்சினை அணைக்காமல் ஸ்டாப்பில் நிற்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிருமே, அந்த அதிர்வு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு என் கண் இரண்டும் இடவலமாக வெடவெடவென்று நடுங்குவது தெரியும். இருபது எண்ணுவதற்குள் தானாக நின்றுவிடும். கண்ணோரம் நீர் கட்டும். அவ்வளவுதான் வித்தை.

இதனால் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் கிடையாது. காதை ஆட்டுகிறவர்கள், நாக்கால் மூக்கைத் தொடுகிறவர்கள் வரிசையில் நானும் ஒரு ஆள். கல்யாண வீடுகளில் சின்னப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்க உதவும். ஒரே ஒரு தடவை வேறொரு காரியத்துக்கும் உதவியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் வீடு மதுரை செல்லூரில். தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் தறி ஓடும். அப்பா பவர்லூமில் கூலிக்கு ஓட்டினார். நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊடைநூலைச் சுமந்துகொண்டு ஓடுகிற நாடாவையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தப் பக்கப் பெட்டியில் போய் முட்டி, ஒரு கணம் நின்று, கட்டை அடித்ததும் அந்தப் பக்கப் பெட்டிக்குப் பாயும். கண்ணால் அதைத் துரத்துவதுதான் விளையாட்டு. துரத்தித் துரத்தி ஒருநாள் கரண்ட் போய்த் தறி நின்றது, நாடா நின்றது, என் கண் நிற்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு இது வரும் என்று தெரிந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து அப்பத்தாவிடம் காட்டினேன். "எந்தக் கண்ணுடா துடிக்குது? ஆம்பளைக்கு வலது துடிச்சா நல்லது" என்றது. ரெண்டுந்தான் என்றேன். ரெண்டும் துடித்தால் என்ன பலன் என்று அப்பத்தா கணக்கில் இல்லை. அதற்குக் கோபம் வந்து, கண்ணை உருட்டாதே என்று முதுகில் ஒன்று வைத்தது. நாம் கண் துடிக்கிறது என்று சொல்வது பெரும்பாலும் இமையின் துடிப்பைத்தான். விழி பாட்டுக்கு அசையாமல் இருக்கும், மேலே உள்ள தோல் மட்டும் துள்ளும். தூக்கம் கெட்டாலும், காபி அதிகமானாலும் வரும், தானாகப் போகும். என்னுடையது இமை சம்பந்தப்பட்டது இல்லை, விழியே ஆடுவது. அதைத் தனியாகச் சொல்ல எங்கள் தெருவில் வார்த்தை இருக்கவில்லை.

ஆறாம் வகுப்பில் அவன் வந்து சேர்ந்தான். பேர் வேண்டாம். முதல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். தலையை இடதுபக்கம் திருப்பி, வலது கடைக்கண்ணால்தான் போர்டைப் பார்ப்பான். அவன் கண்கள் எந்நேரமும் ஆடிக்கொண்டே இருக்கும். மெதுவாக ஒரு பக்கம் நழுவும், வெடுக்கென்று திரும்ப வரும், மறுபடி நழுவும். கணக்கு வாத்தியாருக்கு அந்தச் சாய்ந்த தலையைக் கண்டால் ஆகாது. "நேராப் பாருடா, என்ன ஓரக்கண்ணு" என்று பக்கத்தில் வந்து, இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்து, படத்துக்குச் சட்டம் மாட்டுகிறவர் மாதிரி நேராக வைப்பார். வைத்ததும் அவன் கண் இன்னும் வேகமாக ஆடும். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார். அவனுக்குப் படிக்க முடியாது. தலையில் ஒரு குட்டு விழும். பையன்கள் அவனுக்கு பெண்டுலம் என்று பேர் வைத்தார்கள்.

வகுப்பிலேயே கண்ணை ஆட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்படியொரு சரக்கு கையில் இருக்கும்போது பதினொரு வயதுப் பையன் என்ன செய்வான்? கடைசி பெஞ்சில் எழுந்து நின்று, தலையை இடதுபக்கம் திருப்பி, வாத்தியார் குரலில் "நேராப் பாருடா" என்று சொல்லிக் கண்ணை ஆட்டினேன். வகுப்பே சிரித்தது. அவன் திரும்பினான். அழப்போகிறான் என்று நினைத்தேன். அழவில்லை. தலையைச் சாய்த்து என் கண்ணையே உற்றுப் பார்த்தான். அப்புறம் எழுந்து கடைசி பெஞ்ச் வரைக்கும் நடந்து வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"உனக்குமா?"

அந்த முகத்தில் இருந்தது சந்தோஷம். எனக்கு அது புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் கண்ணை நிறுத்தினேன். நிறுத்தியதைப் பார்த்துவிட்டு அவன் ஒன்றும் சொல்லாமல் தன் இடத்துக்குப் போய்விட்டான். அடுத்த வருடம் வேறு பள்ளிக்கூடம் மாறிவிட்டான்.

இனி அந்த வேறு காரியம். பத்தாம் வகுப்பு அரைப்பரீட்சை, கணக்குத் தாள். கேள்வித்தாளைப் பார்த்த மாத்திரத்தில் ஒன்றும் தேறாது என்று தெரிந்துவிட்டது. மேற்பார்வைக்கு வந்த டீச்சர் பக்கத்தில் வரும்போது தலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை ஆட்டினேன். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து ஹாலிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். பரீட்சையிலிருந்து தப்பித்தேன். ஆனால் காரியம் அதோடு நிற்கவில்லை. அப்பாவைத் தறியிலிருந்து கூட்டிவந்தார்கள். தெரு டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே ஒரு டாக்டர், அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டே "மூளையில் ஏதாவது இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்த்துரலாம்" என்றார். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இதெல்லாம் நடிப்பு என்று சொல்லிவிட அதுதான் நேரம். சொல்லவில்லை. வாய் வரவில்லை. ஸ்கேனுக்கு ஆன பணம் அப்பாவின் ஒரு மாதக் கூலிக்கு மேல்.

அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். விழி திடீரென்று இப்படிப் படபடக்க ஆரம்பித்தால் அது விளையாட்டில்லை. மூளைத்தண்டிலோ சிறுமூளையிலோ கோளாறு இருந்தால் இதே மாதிரி ஆடும். சின்னக் குழந்தைகளுக்குக் கண் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத் துள்ளினால், உடம்பில் வேறெங்கோ நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டி ஒளிந்திருக்கிறதா என்று தேடுவார்கள். யாருக்காவது புதிதாகக் கண் ஆடினால் பலன் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். என்னைப் போன்ற ஆட்களால்தான் இதில் குழப்பம்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கடைசியாக வயதான ஒரு கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துகொண்டு, "தம்பி, ஒரு நிமிஷம் விடாம ஆட்டு, பாப்போம்" என்றார். ஆடுகிறதா என்று கேட்கவில்லை. ஆட்டு என்றார். பிடிபட்டுவிட்டோம் என்று எனக்கு அங்கேயே தெரிந்துபோயிற்று. ஆட்டினேன். பதினைந்து நொடி வந்தது. "இன்னொரு தடவ." பத்து நொடி. மூன்றாவது தடவை இமைதான் படபடத்தது, விழி அசையவில்லை. "பரீட்சையா?" என்றார் மெதுவாக. தலையாட்டினேன். வெளியே வந்து அப்பாவிடம், பயப்பட ஒன்றுமில்லை, பையனுக்கு இனிமேல் இப்படி வராது என்று சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நிஜமான ஆட்டம் சோர்ந்துபோகாது, வேண்டுமென்றே ஆட்டுவது அரை நிமிடத்துக்கு மேல் பெரும்பாலும் தாங்காது. அவர் வைத்த பரீட்சை அதுதான்.

திரும்பி வரும் வழியில், சிம்மக்கல் தாண்டும்போது, அம்மா சாவகாசமாகச் சொன்னாள்: "உங்க மாமாவும் சின்னப்பிள்ளையில இப்படித்தான் கண்ண ஆட்டிக்கிட்டுத் திரியும்." அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இத ஸ்கேனுக்கு முன்னாடி சொல்றதுக்கு என்ன?" அம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை.

மாமாவுக்கும் எனக்கும் இருப்பது பரம்பரைச் சொத்துதான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். இதற்கு மருத்துவத்தில் வாலண்டரி நிஸ்டாக்மஸ், அதாவது வேண்டுமென்றே செய்யும் விழியாட்டம், என்று பேர். 1978-ல் வந்த ஓர் ஆய்வில் கல்லூரி வயதுப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்ததில் 8 சதவீதம் பேருக்கு இது வந்திருக்கிறது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் குடும்பத்தில் இன்னொருவருக்கும் வந்தது. அந்தக் கணக்குப்படி ஐம்பது பேர் உட்காரும் ஒரு பஸ்ஸில் சுமாராக நாலு பேர் என் ஆட்கள். அவர்களில் பலருக்குத் தங்களால் முடியும் என்றே தெரிந்திருக்காது.

நிஸ்டாக்மஸ் என்ற பேர் இருந்தாலும், கறாராகப் பார்த்தால் என்னுடையது நிஸ்டாக்மஸே கிடையாது. நிஸ்டாக்மஸ் என்றால் கண் முதலில் நழுவ வேண்டும். அது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆஸ்பத்திரி வேண்டாம். கூடல்நகர் தாண்டித் திண்டுக்கல் போகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்ப்பவரின் கண்ணைப் பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நழுவும், விட்டுவிட்டு வெடுக்கென்று முன்னால் தாவும், அடுத்த கம்பத்தைப் பிடிக்கும். எல்லோருக்கும் நடக்கிறது, யாருக்கும் தெரிவதில்லை.

அந்த வெடுக்கென்ற தாவலுக்கு சக்காட் என்று பேர். குதிரையின் கடிவாளத்தைச் சுண்டி இழுப்பதைக் குறிக்கிற பிரெஞ்சுச் சொல். இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் கண்ணும் அப்படித்தான் தாவித் தாவி வருகிறது, நொடிக்கு மூன்று தாவல் போல. பெரிய தாவலில் கண்ணின் வேகம் நொடிக்கு 500 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் நடுவே கண் சுமார் ஐந்தில் ஒரு நொடி நிற்கும். நின்றால்தான் பார்க்க முடியும். தறி நாடா பெட்டியில் முட்டி நிற்கிறதே, அதே மாதிரி. எனக்குக் கண்ணை ஆட்டும்போது அந்தப் பெட்டி இல்லை. இடம் போய்ச் சேர்ந்த கணமே வலம், வலம் போனதும் இடம். எல்லாம் சுத்தமான சக்காட்தான், நடுவில் மட்டும் ஓய்வு கிடையாது. தறி நொடிக்கு இரண்டு மூன்று அடி அடிக்கும். இது அதைப்போலப் பல மடங்கு.

ஓய்வு ஏன் இல்லை என்பதற்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள். மூளைத்தண்டில் சில நரம்பணுக்கள் ரயில்வே கேட் மாதிரி வேலை பார்க்கின்றன. அவை விடாமல் துடித்துக்கொண்டிருக்கும்வரை கேட் மூடியிருக்கும், கண் இருந்த இடத்தில் இருக்கும். தாவ வேண்டும் என்றால் அவை ஒரு கணம் அடங்கும், கேட் திறக்கும், உடனே மூடும். கண்ணை உள்ளே இழுத்து இறுக்கும்போது அந்த கேட்கீப்பர் அசந்துவிடுகிறார் என்றும், திறந்த கேட் வழியாக அங்கிட்டும் இங்கிட்டும் வண்டிகள் பாய்கின்றன என்றும் கருதுகிறார்கள். செல்லூர்க்காரனுக்கு ரயில்வே கேட்டை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு தெரிந்தும், போன மாதம்வரை என் கண் ஆடுவதை நான் பார்த்ததே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று ஆட்டினால் கண்ணாடியும் சேர்ந்து அதிரும், எல்லாம் கலங்கிவிடும். ஆட்டத் தெரியாதவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கண்ணாடியில் உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணைப் பாருங்கள், மாற்றி மாற்றிப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குப் பளிச்சென்று தெரியும். தாவுகிற அந்தக் கணத்துப் பார்வையை மூளை நமக்குக் காட்டாமல் அமுக்கிவிடுகிறது. மீன் மாதிரிக் கண் என்று ஒரு தெய்வத்துக்குப் பேர் வைத்து, 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை உலகமே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வளர்த்த ஊர் இது. இந்த ஊரில் இருந்துகொண்டு சொந்தக் கண்ணைப் பார்க்க எனக்கு இன்னொருத்தன் வேண்டியிருந்தது.

போன மாதம் ஒரு பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்க கோரிப்பாளையத்தில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். கம்ப்யூட்டர் திரைக்கு ஒரு ஜாண் தள்ளி மூக்கை வைத்துக்கொண்டு ஒருவர் டைப் அடித்துக்கொண்டிருந்தார். தலை இடதுபக்கம் திரும்பியிருந்தது. அந்தத் தலையைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. பேரைச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, குரலை வைத்துக் கண்டுபிடித்தான்.

"கடைசி பெஞ்சா நீ?"

டீ வந்தது. பேச்சு வந்தது. இருபது வருடமாகக் கடை நடத்துகிறான். பஸ் நம்பர் மட்டும் பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்டுக்கொள்வானாம், மற்றதெல்லாம் ஓடுகிறது என்றான். பிறந்த சில மாதத்தில் வந்ததாம் அவனுக்கு. நான் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"எப்பவும் எல்லாம் ஆடிக்கிட்டே இருக்குமே மாப்ள, எப்படித் தாங்குற?"

அவன் டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தான். "எது ஆடும்? எனக்கு ஒண்ணும் ஆடாதே. எல்லாம் அது அது இருக்குற எடத்துல நிக்கும். கொஞ்சம் மங்கலா இருக்கும், அம்புட்டுதான்."

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறவியிலேயே கண் ஆடுகிறவர்களின் மூளை அந்த ஆட்டத்தைக் கழித்துவிட்டுத்தான் உலகத்தைக் காட்டுகிறது என்பதைப் பிற்பாடு வீட்டில் வந்து படித்தேன். அந்த நேரத்தில் அவன் சொன்னது மட்டும்தான் கையில் இருந்தது. அன்றைக்கு வகுப்பில் ஆடும் போர்டை, ஆடும் பையன்களைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அவனுக்கு எல்லாம் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது.

"இன்னும் ஆட்டுவியா?" என்றான்.

"ம்."

"ஆட்டு, வீடியோ எடுப்போம்."

"மொதல்ல உன்னுது" என்றேன். போனை ஸ்லோமோஷனில் வைத்து அவன் கண்ணுக்கு நேரே பிடித்தேன். நேராகப் பார்க்கச் சொன்னேன், வாத்தியார் மாதிரியே. நழுவி, வெடுக்கென்று திரும்பி, நழுவி. நொடிக்கு நாலு இருக்கும். "இப்ப ஒன் இஷ்டத்துக்குத் திருப்பு" என்றேன். தலையை மெதுவாக இடதுபக்கம் திருப்பினான். திரையில் அவன் விழி ஆட்டம் குறைந்து, குறைந்து, கிட்டத்தட்ட நின்றுவிட்டது. இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிகிற நெருக்கத்தில் அதைப் பார்த்தேன். அந்த ஒரு கோணத்தில் மட்டும் அவன் கண் அடங்கும். பிறவியிலேயே கண் ஆடுகிற பலருக்கு இப்படி ஒரு கோணம் இருக்கிறது. தசைகளை இடம் மாற்றித் தைத்து அந்தக் கோணத்தை நேராகக் கொண்டுவரும் அறுவை சிகிச்சையை 1953-லேயே கெஸ்டன்பாம், ஆண்டர்சன் என்ற இருவர் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். இவனிடமும் கேட்டிருக்கிறார்கள். "தலை சாஞ்சே பழகிருச்சு, விடு" என்று சொல்லிவிட்டானாம். ஆறாம் வகுப்பில் வாத்தியார் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பியது இந்தக் கோணத்திலிருந்துதான்.

பிறகு என் முறை. மூச்சைப் பிடித்து, ஒரு நூல் உள்ளே இழுத்து, இறுக்கினேன். கடை அதிர்ந்தது, அவன் முகம் அதிர்ந்தது. அவன் போனை அசையாமல் பிடித்திருந்தான். இந்த வயதில் எட்டு நொடிதான் வந்தது.

வீடியோவை ஓட்டினான். என் கண்ணை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. வலையில் மாட்டிய பூச்சி மாதிரி சின்னதாக, அசிங்கமாகத் துடித்தது. இமை பாதி மூடி, புருவம் சுருங்கி, மலச்சிக்கல் வந்தவன் முகம். இதைக் காட்டியா வகுப்பைச் சிரிக்க வைத்தோம் என்று இருந்தது. அவன் போனை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், தலையைச் சாய்த்து, ஒவ்வொரு ஃபிரேமாக விரலால் நகர்த்தினான். நொடிக்கு 240 ஃபிரேம். ஒரு தடவை போய்வர எத்தனை ஃபிரேம் என்று வாய்க்குள் எண்ணினான். இடையில் எங்கேயும் நிற்கவில்லை என்பதை அவனே சொன்னான். "பதினஞ்சு. அப்ப நொடிக்குப் பதினாறு."

நான் அந்தப் பழைய விஷயத்தைப் பேச வாயெடுத்தேன். ஒரு அம்மா ஆதார் நகல் ரெண்டு என்று வந்து நின்றார். அவன் எழுந்து மெஷின் மூடியைத் திறந்து, அட்டையை வைத்து, பச்சைப் பட்டனை அழுத்தினான். உள்ளே வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. காசை வாங்கிப் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னான்.

"ஆறாங்கிளாஸ்ல இதவிட வேகமா ஆட்டுன."